பார்க்காமல் நார் எடுப்பவள்

வியாழக்கிழமை என்றால் தட்டைப் பட்டாணி. அந்த அலுவலகக் கட்டடத்தின் கேன்டீனில் மற்ற நாட்களில் என்ன காய் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வியாழன் அன்று யாரும் கேட்பதில்லை. நாலாவது மாடிக் கணக்கர் லிஃப்டில் இறங்கும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார். பூண்டு வாசனை வரவில்லையென்றால், "இன்னிக்குக் கிழமையே தப்பு" என்பார்.

அதைச் சமைக்கிறவளுக்கு வீட்டில் பெரியவள் என்று பெயர். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பெரியவள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் கூப்பிட்டது அப்படியே நின்றுவிட்டது. கேன்டீனில் அவள் எல்லோருக்கும் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மேனேஜருக்கும் அக்காதான். அதில் அவளுக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை.

காய் வாங்க அவளேதான் போவாள். பட்டாணி என்ற பெயரைக் கேட்டதும் மற்றவர்கள் புடைத்த காயாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். தட்டைப் பட்டாணியைத் தோலோடு தின்ன வேண்டும். அதற்குப் புடைப்பு ஆகாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே விதைகள் புள்ளி வைத்தாற்போல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். காம்பு வாடியிருக்கக் கூடாது. வளைத்தால் வளையாமல் சட்டென்று முறிய வேண்டும். அவள் காதருகே வைத்து முறிப்பாள்.

"ஏங்க்கா, காய் வாங்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்பார் காய்க்கடைக்காரர்.

"உன் காய் உண்மையைச் சொன்னா நான் ஏம்ப்பா விசாரிக்கப்போறேன்?"

"லேசா வயிறு தெரிஞ்சா என்னவாம்?"

"உனக்குத் தெரியலாம். காய்க்குத் தெரியக் கூடாது."

கடைக்காரர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். பிறகு கேட்காமலே அடியில் வைத்திருந்த கூடையை எடுத்து முன்னால் வைப்பார்.

அதற்குப் பிறகுதான் வேலை. ஒவ்வொரு காய்க்கும் இரண்டு விளிம்பு. இரண்டிலும் ஒரு நார் ஓடும். காம்பைக் கிள்ளி, உடையாமல், காயின் நீளத்துக்கும் இழுக்க வேண்டும். பிறகு மறுமுனையைக் கிள்ளி அடுத்த பக்கம். பாதியில் அறுந்தால் மீதி நார் உள்ளேயே நின்றுவிடும். எவ்வளவு வெந்தாலும் அது வேகாது. வாயில் மாட்டினால் நூலை மென்றதுபோல் இருக்கும்.

பெரியவள் காயைப் பார்க்காமல் நார் எடுப்பாள். அது அந்தக் கட்டடத்தில் பிரசித்தம். டீ குடிக்க வந்தவர்களிடம் கதை பேசிக்கொண்டோ, கல்லாவுக்கு மேலே ஓடும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டோ கையை மட்டும் ஓட்டுவாள். அலுமினியப் பாத்திரத்தில் காய் விழுந்துகொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகளைக்கூடக் கணக்கர் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்.

"பாருங்க சார், கண்ணே வேணாம் எங்க அக்காவுக்கு."

"கண்ணு எதுக்குங்க? எனக்கு விரல்ல இருக்கு கண்ணு" என்பாள் அவள்.

இன்னொரு வித்தையும் உண்டு. தட்டைப் பட்டாணியை ஒரேயடியாகச் சமைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். இரும்புச் சட்டி புகைகிற அளவுக்குக் காய வேண்டும். எண்ணெயில் தட்டிய பூண்டு. அது சிவப்பதற்குள் காய். காயில் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது, மூடி போடக் கூடாது. பச்சை திடீரென்று பளிச்சென்று ஏறும். அந்த நொடியில் உப்பும் எள்ளும் தூவி இறக்கிவிட வேண்டும். துணியைத் தேடினால் நேரம் கடந்துவிடும் என்று பெரியவள் வெறுங்கையால் சட்டியின் காதைப் பிடித்து இறக்குவாள். பார்த்தவர்கள் உஸ் என்பார்கள். "பழகின கை. சூடு உறைக்காது" என்பாள்.

சூடு உறைக்காமல்போனது பழக்கத்தால் இல்லை. இது அவளுக்கும் ஒரு மாதிரி தெரியும். கொஞ்ச காலமாகச் சமையல் கோட்டின் பித்தான்களைப் போட நேரம் பிடித்தது. கல்லாப் பலகையில் கிடக்கும் சில்லறையை எடுக்கப்போனால் அது நழுவிக்கொண்டு ஓடியது. சர்க்கரைக்கு மாத்திரை தரும் டாக்டர், "கை கால் விரலெல்லாம் எப்படி இருக்கு? மரத்துப்போகுதா?" என்று கேட்டபோது, "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தே இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்காரர் லாரியில் பாதி நாள் வெளியூர். அவரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சின்னவளைக் கேன்டீனுக்குக் கொண்டுவந்தது பெரியவள்தான். கொழுந்தனுக்கு வேலை போய், அவன் வீட்டில் படுத்துக்கிடந்த சமயம். "என் ஓரகத்தி. வாய் கிடையாது, கை உண்டு" என்று மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டதை மறக்கவும் இல்லை, சின்னவளை மறக்கவிடவும் இல்லை. ஒரே வீடு, கீழே பெரியவள், மாடியில் சின்னவள், நடுவில் ஒரு படிக்கட்டு. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். இருக்கை ஒன்றுதான் கிடைத்தால் சின்னவள் நிற்பாள்.

சின்னவள் காயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். திருப்பிப் பார்ப்பாள். பிறகு இழுப்பாள். தன் பங்கை முடித்ததும் பெரியவளுடைய அலுமினியப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, கழுவப்போகிறேன் என்று பின்கட்டுக் குழாயடிக்குப் போவாள். போனால் திரும்ப நெடுநேரம் ஆகும். இங்கே சட்டி காய்ந்துகொண்டிருக்கும்.

"காயைக் கழுவுறியா, குளிப்பாட்டித் தலை துவட்டிப் பவுடர் போடுறியா?" என்று பெரியவள் இங்கிருந்து கத்துவாள்.

"இதோ வந்துட்டேன்க்கா."

ஆமை என்ற பட்டப்பெயரை வைத்தவளும் பெரியவள்தான். முதலில் வீட்டுக்குள் இருந்தது. பிறகு கேன்டீனுக்கு வந்தது. கணக்கர்கூட, "ஆமை அம்மா, ஒரு ஸ்பூன் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். சின்னவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

சாப்பாட்டு நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். மேனேஜர் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டீ நேரம், கேன்டீனில் ஆள் நிறைந்திருந்தது.

"முடியுமாக்கா?"

"எனக்கு முடியும். ஆமைக்கு முடியணுமே" என்றாள் பெரியவள். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவளுக்கு வாய் நிற்கவில்லை. "இவ ஒரு காய் உரிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்து, அவன் இங்கயே வேலைக்கு வந்துடுவான். சம்பளத்துக்குக் குந்தியிருக்கா. வேற யாரையாவது குடுங்க. இவ தட்டு கழுவட்டும், தட்டுக்கு நாரில்ல."

பெரிய சிரிப்பு. மேனேஜர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் கையிலிருந்த காயை முடித்துப் பாத்திரத்தில் போட்டாள். "சரிக்கா" என்றாள். தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அன்று பஸ்ஸில் இரண்டு இருக்கை கிடைத்தது. சின்னவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பெரியவள் அவளாக ஏதாவது பேசுவாள் என்று பார்த்தாள். "மாடித் தண்ணித்தொட்டி வழியுதுக்கா, உங்க பக்கம் ஈரமாகுதா?" என்று மட்டும் சின்னவள் கேட்டாள்.

சின்னவளின் இடத்துக்கு வந்தவளை எல்லோரும் புயல் என்றார்கள். ஏதோ மாணவர் விடுதியில் வேலை பார்த்தவள். பேச்சும் வேகம், கையும் வேகம். தனக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பாத்திரம் கொண்டுவந்திருந்தாள். காயைப் பார்த்து, கிள்ளி, இழுத்து, திருப்பி, போட்டு முடித்துவிடுவாள். பெரியவள் மேனேஜர் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கிக் காட்டினாள்.

வியாழன் வந்தது. புயல் தன் பாத்திரத்தை ஒரு அலசு அலசிக் கொண்டுவந்தாள். பெரியவள் தன்னுடையதையும் அப்படியே அலசினாள். இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துத் துணியில் கொட்டி உதறி முதல் சட்டி போட்டாள். பச்சை ஏறியது. வெறுங்கையால் இறக்கினாள். பூண்டு வாசனை லிஃப்டுவரை போயிருக்க வேண்டும். கணக்கர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டவர் நின்றார். கடைவாயில் விரலைவிட்டு எதையோ பிடித்து இழுத்தார். அது நீளமாக வந்தது.

"அக்கா! தையல் கிளாஸ் எதுவும் ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"என்னவாம்?"

"நூல் வருது. இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தா ஒரு பித்தான் தைச்சிடலாம்."

பக்கத்து மேசையில் ஒரு அம்மாள் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு எழுந்துபோனாள். யாரோ இருமினார்கள். சாப்பிட்டுவிட்டு வைத்த தட்டுகளின் ஓரங்களில் மென்று துப்பிய நார்கள் சுருண்டு ஒட்டியிருந்தன. அந்தத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் குழாயடிக்குப் போவதைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் உள்ளே வந்தார். பின்னாலேயே கணக்கரும் தட்டோடு வந்தார்.

"இந்த வேகமெல்லாம் விடுதிப் பிள்ளைங்களோட நிறுத்திக்க" என்று பெரியவள் புயலின் மேல் பாய்ந்தாள். "ஒரு காயை ஒழுங்கா ஆயத் தெரியல. என் பேரைக் கெடுக்கவா வந்தே?"

புயல் கோபப்படவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தாள். "நானாக்கா? இருங்க, பாத்துடலாம்." அடுத்த சட்டிக்கு வைத்திருந்த இரண்டு பாத்திரங்களையும் மேசைமேல் இழுத்தாள். சிவப்பிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் விளிம்பைக் கீறினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று. ஒன்றும் வரவில்லை. அலுமினியத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். காம்பு கிள்ளப்பட்டிருந்தது. விளிம்பைக் கீறி இழுத்தாள். முழு நார் வந்தது. அடுத்ததில் பாதியில் அறுந்து நின்ற நார். அதற்கடுத்ததில் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. காம்பைக் கிள்ளியதோடு சரி. வெறும் காற்றை இழுத்துப் போட்டிருந்தாள் பெரியவள்.

"இது உங்க பாத்திரந்தானே?" என்றாள் புயல். குத்தல் எதுவும் இல்லாமல்தான் கேட்டாள்.

கணக்கர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கிண்டல் எதுவும் வரவில்லை. மேனேஜர்தான் வழி செய்து கொடுத்தார். "காய் முத்தலா இருக்குமோக்கா?"

"ஆமா" என்றாள் பெரியவள். "முத்தல். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

மேசையில் கிடந்த காய்கள் தட்டையாக, இளம்பச்சையாக, கண்ணாடிபோல் இருந்தன. ஒரு குழந்தைகூட அவற்றை முத்தல் என்று சொல்லாது.

புயலை உட்கார வைத்து மீதிக் காயை மறுபடி ஆயச் சொன்னார் மேனேஜர். பெரியவள் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இத்தனை வியாழக்கிழமை இது ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. வந்தவுடனே பதிலும் வந்தது. குழாயடியில் முக்காலி. சின்னவளின் மடியில் அலுமினியப் பாத்திரம். தண்ணீர் ஓடும் சத்தம். காயைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இன்று அவளே கழுவினாளே. ஒரு அலசு.

அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. விரலில் உறைக்காத சூடு அங்கே உறைத்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு குழாயடிக்குப் போனாள். சின்னவள் தட்டுகளைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தாள். தொட்டி ஓரத்தில் தட்டுகளிலிருந்து சுரண்டி எடுத்த நார் ஒரு சின்னக் குவியலாக இருந்தது. அக்கா வருவதைப் பார்த்ததும் சின்னவள் அதை வாரிக் குப்பைக்கூடையில் போட்டாள். மறைக்கப் பார்க்கிறாள் என்பது பெரியவளுக்குப் புரிந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

சின்னவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவை சட்டியை எறக்கினீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அன்னைக்கு உங்க விரல்ல கொப்புளம். வீட்டுக்குப் போறவரைக்கும் நீங்க அதைப் பாக்கவே இல்ல. பஸ் கம்பியில தேய்ஞ்சு உடைஞ்சுது. அப்பவும் பாக்கல."

"ஏண்டி சொல்லல?"

"சொல்ற மாதிரியா இருந்தீங்க?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பெரியவள் திருப்பிப் பேசியிருப்பாள். பேசத் தெரிந்தவள் அவள். "ஆமைன்னு கூப்பிட்டேனே" என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். பஸ்ஸில் ஒரு இருக்கைதான் இருந்தது. பெரியவள் உட்காரவில்லை. சின்னவளும் உட்காரவில்லை. யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சின்னவளைத் திரும்பக் காய் ஆய வைக்க வேண்டும். மேனேஜரிடம் சொன்னால் நடந்துவிடும். ஆனால் ஏன் என்று அவர் கேட்பார். துரத்திவிட்டது ஏன், திரும்பக் கேட்பது ஏன்? அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் விரலில் கண் இருந்த அக்கா அன்றோடு போய்விடுவாள். கை மரத்தவளை அடுப்பில் வைத்திருப்பார்களா என்பதும் தெரியாது. அந்த வாரம் முழுக்கப் படிக்கட்டில் சின்னவளின் செருப்புச் சத்தம் கேட்டால் பெரியவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். தன் வீட்டிலேயே ஒளிகிறோமே என்று நினைத்துக்கொள்வாள். மறுபடி சத்தம் கேட்டால் மறுபடி ஒளிவாள்.

அடுத்த வியாழன் காய்க்கடைக்காரர் அடிக்கூடையை எடுத்து முன்னால் வைத்தார். "போன தடவை காய் எப்படிக்கா?" என்று கேட்டார்.

"நல்ல காய்ப்பா" என்றாள். "உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

"நான் எப்ப இருக்குன்னேன்?" என்று அவர் விழித்தார்.

கேன்டீனுக்கு வந்ததும் மேனேஜரிடம் போனாள். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துவைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குங்க. அதான் அன்னைக்கு நார் தப்பிடுச்சு. சின்னவளை மறுபடி காய்க்குப் போடுங்க. அவ பாத்துப் பண்ணுவா."

கண் என்றால் மரியாதை. வயதானால் எல்லோருக்கும் மங்கும். ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

"அதுக்கென்னக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மேனேஜர். குழாயடியிலிருந்து வந்து நின்ற சின்னவளைப் பார்த்து, "அக்காவுக்குக் கண்ணு சரியில்லயாமே?" என்றார்.

சின்னவள் ஒரு நொடி பெரியவளைப் பார்த்தாள். "ஆமாங்க. கண்ணாடி போடணும்னு நானே சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

பெரியவளுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்து, அதற்கும் அவளையே பொய் சொல்ல வைத்தாகிவிட்டது.

மூன்று பேரும் காய்க்கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேனேஜர் டீயை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். கணக்கரும் வந்துவிட்டார். பெரியவள் பழக்கத்தில் டி.வி. பக்கம் தலையைத் தூக்கினாள். பிறகு குனிந்தாள். சின்னவள் செய்வதைப்போல் காயை முகத்துக்கு நேரே பிடித்துக் காம்பைக் கிள்ளினாள். நார் பிரிவது விரலுக்குத் தெரியவில்லை. ஆனால் பார்த்தால் தெரிந்தது. மயிரிழைபோல் விளிம்பிலிருந்து கிளம்பி வந்தது. அது அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டே மெதுவாக இழுத்தாள். கடைசிவரை வந்தது. திருப்பிப் பிடித்து அடுத்த பக்கம். அதுவும் வந்தது. சின்னவள் ஒரு பாத்திரம் முடிப்பதற்குள் அவள் ஒரு பிடிகூட முடிக்கவில்லை.

"ஏங்க்கா," என்றாள் புயல். அவளுக்கு மனசில் ஒன்றும் கிடையாது. "கண்ணு மங்கல்னீங்க. இத்தனூண்டு நாரை இப்படிப் பாத்துப் பாத்து இழுக்கறீங்களே?"

கணக்கர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். சின்னவள் நிமிர்ந்தாள். "இல்ல, அவங்களுக்குக் கிட்டத்துல தெரியும், தூரத்துலதான்—" என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் பெரியவள். சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை, சத்தமாகத்தான் வந்தது. கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் போச்சு. விரல் மரத்துப்போய் எத்தனையோ நாளாச்சு. நான் வெறும் காம்பைக் கிள்ளிப் போட்டுட்டிருந்தேன். இவதான் குழாயடில உக்காந்து ஒவ்வொண்ணா மறுபடி எடுத்தா. அதுக்குத்தான் நேரமாச்சு. அதுக்குத்தான் நான் ஆமைன்னேன்."

டி.வி.யில் யாரோ எதற்கோ கை தட்டினார்கள். பெரியவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தன் விரல்களைப் பார்த்தாள். நுனியில் பழைய தழும்புகள் வெள்ளையாக இருந்தன. எது எப்போது பட்டதென்று அவளுக்குத் தெரியாது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்ப அடுப்பு?" என்று கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சின்னவள் எழுந்தாள். ஆய்ந்த காயைத் துணியில் கொட்டி உதறினாள். "சட்டி புகையுதுக்கா" என்றாள். சொல்லிவிட்டு அடுப்புக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

பெரியவள் போனாள். பூண்டைப் போட்டாள், காயைப் போட்டாள். பச்சை ஏறியது. உப்பும் எள்ளும் தூவினாள். கை பழக்கத்தில் சட்டியின் காதுக்குப் போனது. பாதியில் நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அந்த அடுப்படியில் பிடிதுணி எங்கே தொங்கும் என்றுகூட அவள் பார்த்ததில்லை. சுவரெல்லாம் தேடினாள். அவள் தேடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய் ஒரு நொடி அதிகமாக வெந்துகொண்டிருந்தது.

"சோத்துக்கைப் பக்கம், ஆணியில" என்றாள் சின்னவள்.